டிஎஸ்ஓ தனியாக வரப்போகிறது: அதன் குழுக்களில் யாருக்கு எத்தனை வாக்கு?

#1 மேல்கம்பி (டர்பன்)

தென்னாப்பிரிக்காவின் மின்சார ஒழுங்குமுறைத் திருத்தச் சட்டம் (2024-ன் 38-ஆம் சட்டம்) 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மின்கடத்தலை இயக்கும் அமைப்பு, நாம் டிஎஸ்ஓ என்று சொல்வது, ஐந்தாண்டுக்குள் தனி அரசு நிறுவனமாக வேண்டும் என்கிறது அது. அதுவரை அந்த வேலை என்டிசிஎஸ்ஏவிடம். 2024 ஜூலை 1-ல் இயங்கத் தொடங்கிய அந்த நிறுவனம் முழுக்க அரசு மின் நிறுவனமான எஸ்காமுக்குச் சொந்தமானது. டிஎஸ்ஓ மட்டும் வெளியே போகட்டும், கம்பியும் கோபுரமும் எஸ்காமிடமே இருக்கட்டும் என்ற யோசனை 2025 டிசம்பரில் வந்ததிலிருந்து விவாதம் எல்லாம் சொத்து யார் பெயரில் என்பதைச் சுற்றியே நடக்கிறது.

அது முக்கியம்தான். ஆனால் சொத்து யார் பெயரில் இருந்தாலும் ஐந்து விஷயங்களை டிஎஸ்ஓவே முடிவு செய்யும். எந்த நிலையத்தை எப்போது ஓட்டச் சொல்வது. புது நிலையங்களின் இணைப்பு வரிசையில் யார் முன்னால். அவசரத்துக்கு எவ்வளவு இருப்புத் திறன் வாங்குவது. பராமரிப்புக்கு எந்தக் கம்பியை எந்த வாரம் அணைப்பது. அடுத்த புதுக் கம்பி எந்த ஊருக்கு. இந்த ஐந்திலும் விதியில் ஒரு சொல் மாறினால் கோடிக்கணக்கான ராண்ட் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போய்விடும். அந்தச் சொல்லை எழுதுவது வாரியம் அல்ல, வாரியத்துக்குக் கீழே இரண்டு மூன்று படி தள்ளி இருக்கும் தொழில்நுட்பக் குழு. அங்கே நாற்காலியும் வாக்கும் எப்படிப் பிரிக்கப்படப் போகின்றன என்பதைப் பற்றித்தான் இந்த இழை.

அமெரிக்காவில் இதே வேலையைச் செய்யும் பிஜேஎம் என்ற அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். 13 மாநிலங்களும் வாஷிங்டனும் அதன் கீழ். ஆயிரத்துக்கு மேல் உறுப்பினர்கள், ஐந்து பிரிவுகள்: மின் உற்பத்தியாளர், கம்பி உரிமையாளர், விநியோகஸ்தர், மற்ற விற்பனையாளர், இறுதி நுகர்வோர். மேல்நிலைக் குழுக்களில் ஒவ்வொரு பிரிவுக்கும் எடை 1. பிரிவுக்குள் ஆதரவு எவ்வளவோ அந்தப் பின்னத்தை எடுத்து ஐந்தையும் கூட்ட வேண்டும். தீர்மானம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 5-க்கு 3.335 வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விநியோகஸ்தர் 1.00, விற்பனையாளர் 0.90, நுகர்வோர் 1.00. உற்பத்தியாளர் 0.15, கம்பி உரிமையாளர் 0.20. மொத்தம் 3.25. தீர்மானம் தோற்றது. மூன்று பிரிவுகள் ஒருமனதாகச் சேர்ந்தாலும் 3.00 தான். மற்ற இரண்டும் கைகோத்தால் எந்தத் தீர்மானத்தையும் நிறுத்திவிடலாம். எதையும் கொண்டுவர முடியாவிட்டாலும் இருப்பதை மாறாமல் வைத்திருக்க அது போதும், இன்றைய விதியில் லாபம் காண்பவருக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

#2 லெனேசியா வாசகி

மேல்கம்பி அண்ணா, கணக்கு சரி. ஆனால் பெரிய ஓட்டை அதற்குக் கீழே இருக்கிறது. மேல்நிலைக் குழுக்களில் தாய் நிறுவனத்துக்கு ஒரே வாக்கு. கீழ்நிலைக் குழுக்களிலும் பணிக்குழுக்களிலும் ஒரே குழுமத்தின் துணை நிறுவனங்கள் தனித்தனியாக வாக்களிக்கலாம், அங்கே எடையும் கிடையாது, சாதாரணப் பெரும்பான்மை போதும். பத்துத் துணை நிறுவனம் வைத்திருப்பவருக்குப் பத்து வாக்கு. எந்த யோசனை மேலே போகும், எது கீழேயே மடியும் என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. மேலே வரும்போது தட்டில் இருப்பதில் ஒன்றைப் பொறுக்கலாம், அவ்வளவுதான்.

நம் ஊர்க் கோயில் சபைகளின் ஆண்டுக் கூட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒரே வீட்டில் எட்டுப் பேருக்குச் சந்தா கட்டி வைத்துவிட்டால் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போட்டியே தேவையில்லை. அதனால்தான் பல சபைகள் சந்தா கட்டி இத்தனை மாதம் ஆனால்தான் வாக்கு என்றும், குடும்பத்துக்கு இத்தனை பேர்தான் என்றும் விதி வைத்திருக்கின்றன.

இன்னொன்று, தகுதி இருந்தால் எந்தப் பிரிவில் சேர்வது என்று உறுப்பினரே தேர்ந்தெடுக்கலாம். விற்பனையாளர் பிரிவில் கூட்டம் அதிகம், ஒரு வாக்கின் எடை மிகக் குறைவு. ஆள் குறைந்த பிரிவில் அதே வாக்கு பல மடங்கு கனக்கும். உற்பத்தி, கம்பி, விநியோகம் மூன்றும் வைத்திருக்கும் குழுமம் கனமான இடத்தில்தான் உட்காரும்.

#3 துணைமின்நிலையம்

பிஜேஎம்மில் விலை என்ன ஆனது என்றும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இது வெறும் நடைமுறைச் சண்டை போலத் தெரியும்.

அங்கே கொள்திறன் ஏலம் உண்டு. வருங்காலத் தேவைக்கு நிலையத்தைத் தயாராக வைத்திருப்பதற்கான கட்டணம் அதில் முடிவாகும். 2024/25-க்கு ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 28.92 டாலர். 2025/26-க்கு 269.92. மொத்தச் செலவு 2.2 பில்லியனிலிருந்து 14.7 பில்லியன் டாலராக ஏறியது. பென்சில்வேனியா ஆளுநர் மத்திய ஒழுங்குமுறை ஆணையத்திடம் முறையிட்ட பிறகு உச்சவரம்பு வைத்தார்கள். அடுத்த ஏலம் 329.17, அதற்கடுத்தது 333.44. இரண்டும் வரம்பில் போய் முட்டி நின்றன.

காரணம் ஒன்று மட்டும் இல்லை. பழைய நிலையங்கள் மூடல், புதியவற்றின் இணைப்பு வரிசை நகராமல் கிடந்தது, நம்பகத்தன்மையைக் கணக்கிடும் முறை மாறியது, இவற்றோடு தரவு மையங்களின் தேவை. அந்தத் தேவைதான் விலையேற்றத்தின் பெரும் பங்கு என்று அங்குள்ள சுயேச்சைச் சந்தைக் கண்காணிப்பாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். பெரிய சுமைகளை எப்படி இணைப்பது என்று 2025 நவம்பரில் உறுப்பினர் குழுவில் ஒரு டஜன் யோசனைகள் வாக்கெடுப்புக்கு வந்தன. ஒன்றுகூட மூன்றில் இரண்டு பங்கை எட்டவில்லை. மேல்கம்பி #1-ல் சொன்ன அந்த வரம்புதான் அங்கே குறுக்கே நின்றது.

அதே ஆண்டு மே மாதம் வாரியத் தலைவரையும் இன்னொரு உறுப்பினரையும் உறுப்பினர்களே வாக்களித்து வெளியேற்றியிருந்தார்கள். வாரியத்தை அமர்த்துவதும் இறக்குவதும் விதியால் லாபமோ நட்டமோ காண்பவர்கள்தான். மாநில அரசுகளுக்கு அங்கே வாக்கே கிடையாது.

#4 உலைக்களம் (ரிச்சர்ட்ஸ் பே)

இதுவரை படித்ததில் பெரிய நுகர்வோர் என்றாலே கெட்டவர் என்ற தொனி இருக்கிறது. அதை மறுக்கிறேன்.

இங்குள்ள ஹில்சைட் அலுமினிய உலையைப் பாருங்கள். நாட்டின் மிகப் பெரிய தனி நுகர்வோர்களில் ஒன்று. கிரிட் (நாட்டின் மின்வலை) தடுமாறும்போது ஒரு தொட்டி வரிசையை இரண்டு மணி நேரம் வரை அணைக்க ஒப்பந்தத்தில் இடம் உண்டு. அதைத் தாண்டினால் உருகிய உலோகம் தொட்டிக்குள்ளேயே உறையத் தொடங்கும், மறுபடி கிளப்பப் பல மாதம். இரண்டு மணி நேரம் என்ற எண் உலையின் இயற்பியலிலிருந்து வருவது, பேரம் பேசிப் பெற்றதல்ல. அதை நான்கு என்று விதியில் எழுதிவிட்டால் கிரிட்டுக்குக் கிடைக்கும் அந்தச் சேவையே இல்லாமல் போகும். இதைத் தெரிந்தவர் குழுவில் இருக்கத்தான் வேண்டும். தீவிர மின்பயனர் குழுமத்தின் உறுப்பினர்கள் சேர்ந்து நாட்டின் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதத்தை எடுக்கிறார்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு எந்த விதியும் ஓடாது.

#5 லெனேசியா வாசகி

உலைக்களம் ஐயா, அவர்கள் அறையில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அறையில் என்ன பேசினார்கள் என்பது வெளியே தெரிய வேண்டும், கேட்பது அவ்வளவுதான். நீங்கள் சொன்ன அதே ரிச்சர்ட்ஸ் பேயை எடுத்துக்கொள்வோம். 1990-களில் போட்ட ஒப்பந்தங்களில் மின்விலை உலக அலுமினிய விலையோடு கட்டப்பட்டிருந்தது. உலோக விலை இறங்கினால் மின்விலையும் இறங்கும், நட்டம் எஸ்காமுக்கு, கடைசியில் மற்ற எல்லாருடைய கட்டணத்துக்கும். என்ன விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு செய்தி நிறுவனம் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் போராடி, உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2013-ல்தான் வென்றது. விலை சரியா தவறா என்பதை விட்டுவிடுவோம். அதைக் கேட்டுப் பெறவே நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

2021-ல் கையெழுத்தான இப்போதைய பத்தாண்டு ஒப்பந்தம் நம் மின் ஒழுங்குமுறை அமைப்பான நெர்சாவின் அனுமதியோடு வந்தது. பழைய முறையைவிட இது எவ்வளவோ மேல்.

#6 மேல்கம்பி (டர்பன்)

மூடிய அறை என்றதும் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து நினைவுக்கு வருகிறது. அங்கே நீபூல் என்ற உறுப்பினர் அமைப்பின் கூட்டங்களுக்குள் செய்தியாளர் வரக் கூடாது. 2018-ல் ஒரு செய்தியாளர் சொந்தமாக உறுப்பினராகவே விண்ணப்பித்தார். செய்தியாளர் உறுப்பினராக முடியாது என்று விதியையே மாற்றப் பார்த்தார்கள். மத்திய ஒழுங்குமுறை ஆணையம் 2019 ஜனவரியில் அந்தத் திருத்தத்தைத் தள்ளிவிட்டது. கூட்டத்தைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் மட்டும் தனக்கில்லை என்று ஏப்ரலில் சொல்லிவிட்டது. நமக்கு இதில் கிடைக்கும் படிப்பினை: கூட்டம் திறந்ததா மூடியதா என்பதைத் தொடக்கத்திலேயே ஸ்தாபன ஆவணத்தில் எழுத வேண்டும். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எந்த ஒழுங்குமுறை ஆணையத்தாலும் சேர்க்க முடியாமல் போகலாம்.

பங்காளர்களே வாரியமாக உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியா இருக்கிறது. அங்குள்ள இயக்க அமைப்பு 1998-ல் தொடங்கியபோது அதற்கு 26 பேர் வாரியம், ஒவ்வொருவரும் ஒரு தரப்பு. 2000 கோடையில் விலை வெடித்தபோது அந்த வாரியத்தால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அந்த டிசம்பரில் மத்திய ஆணையம் வாரியத்தைக் கலைக்க உத்தரவிட்டது. 2001-ல் ஆளுநர் நியமித்த ஐந்து பேர் வந்தார்கள். டெக்சஸ் 2021 பிப்ரவரிக் குளிருக்குப் பிறகு தன் வாரியத்திலிருந்து பங்காளர்களை நீக்கிவிட்டு, அரசியல் தலைவர்கள் அமைக்கும் தேர்வுக் குழுவிடம் நியமனத்தைக் கொடுத்தது. அதில் வேறு அபாயம். நம் நாட்டில் அதை விளக்க வேண்டியதில்லை.

#7 கணக்குப்பிள்ளை

விளக்கத்தான் வேண்டும். நீங்கள் எல்லோரும் வாக்குக் கணக்கிலேயே நிற்கிறீர்கள். நம் நாட்டில் கம்பெனிகள் எஸ்காமுக்குள் நுழைந்த வாசல் வாக்குச் சீட்டு இல்லை, கொள்முதல்.

பொதுப் பதிவில் இருப்பவை மட்டும். எஸ்காமின் கொதிகலன் ஒப்பந்தங்கள் பெற்ற ஹிட்டாச்சியின் உள்ளூர் நிறுவனத்தில் ஆளுங்கட்சியின் முதலீட்டு அமைப்புக்கு 25 சதவீதம் இருந்தது. 2015-ல் ஹிட்டாச்சி அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு 19 மில்லியன் டாலர் கட்டி அந்த வழக்கை முடித்துக்கொண்டது. குசிலே நிலைய ஒப்பந்தத்துக்காக ஏபிபி 2020-ல் 1.56 பில்லியன் ராண்டைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. மெக்கின்சி, டிரில்லியன் என்ற இரண்டு ஆலோசனைக் கம்பெனிகள் வாங்கிய கட்டணங்களை, அரசு ஊழலை விசாரித்த சோண்டோ ஆணையம் விரிவாகவே எழுதிவைத்தது. மெக்கின்சி 2024 டிசம்பரில் எஸ்காம், டிரான்ஸ்நெட் (அரசு ரயில், துறைமுக நிறுவனம்) லஞ்ச வழக்கை முடிக்க 122 மில்லியன் டாலருக்கு மேல் கட்ட ஒப்புக்கொண்டது.

இனி வரப்போவதைப் பாருங்கள். மின்கடத்தல் வளர்ச்சித் திட்டம் பத்தாண்டில் 14,000 கிலோமீட்டருக்கு மேல் புதுக் கம்பி கேட்கிறது, செலவு 400 பில்லியன் ராண்டுக்கு மேல். அதில் ஒரு பகுதியைத் தனியார் கட்டி, சில காலம் வைத்திருந்து, பிறகு ஒப்படைக்கும் முறையில் செய்ய ஏலம் 2025-ல் தொடங்கியது. எந்த வழித்தடம் முதலில் என்று தேர்ந்தெடுப்பவரும், அந்தத் தடத்தின் மறுமுனையில் காற்றாலை வைத்திருப்பவரும், கம்பி கட்ட ஏலம் கேட்பவரும் ஒரே குழுமத்தோடு தொடர்புள்ளவராக இருந்தால்? ஏல ஆவணத்தில் நான் முதலில் தேடுவது இந்தக் குறுக்குப் பங்குரிமை விதியைத்தான்.

கடன்காரர்களையும் மறக்க வேண்டாம். கம்பிச் சொத்தை எஸ்காமிலிருந்து பிரிக்க அவர்களுடைய சம்மதம் வேண்டும், பல ஆண்டுத் தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம். அரசு 254 பில்லியன் ராண்ட் கடன் நிவாரணம் கொடுத்தது, 2025-ல் அதை 230 பில்லியனாகக் குறைத்தது. ஒழுங்காக வசூலாகும் வருமானம் மின்கடத்தலுடையது. கடன் கொடுத்தவர் அதைத் தன் பிடியிலிருந்து எளிதில் விடமாட்டார். எந்தக் குழுவிலும் நாற்காலி இல்லாமலே தடுக்கும் பலம் இது.

#8 துணைமின்நிலையம்

கணக்குப்பிள்ளை சொல்வது பெரிய பணம். அன்றாடப் பணம் இணைப்பு வரிசையில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் விதியின் ஒரு வரி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம்மிடம் இல்லை.

2022 டிசம்பரில், தனியாரிடம் காற்று, சூரிய மின்சாரம் வாங்க அரசு நடத்தும் ஏலத்தின் ஆறாவது சுற்று முடிவு வந்தது. காற்றாலைக்கு ஒதுக்கி வைத்திருந்த 3,200 மெகாவாட்டில் ஒரு மெகாவாட்கூட யாருக்கும் கிடைக்கவில்லை. ஏலம் கேட்டவர்கள் குறைவு என்பதால் அல்ல. மேற்கு, கிழக்கு கேப் பகுதிகளில் கிரிட்டில் இருந்த இடத்தைத் தனியார் வாடிக்கையாளர்களுக்கு விற்கும் திட்டங்கள் அதற்குள் பிடித்துவிட்டன. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற பழைய வரிசை முறையில் அது விதிமீறலும் இல்லை.

அதற்குப் பிறகு 2023-ல் இடைக்கால ஒதுக்கீட்டு விதி வந்தது: முதலில் தயாரானவருக்கு முதலில். நிலம், சுற்றுச்சூழல் அனுமதி, காற்று அல்லது வெயில் அளவீடு, இவற்றைக் காட்ட வேண்டும். யோசனை நல்லது. கையில் ஒன்றுமில்லாமல் இடம் பிடித்து விற்பவர்களை இது வெளியேற்றும். ஆனால் தயார் என்பதன் வரையறையை எழுதுவதில்தான் விளையாட்டு. நிதி உத்தரவாதத்தை மெகாவாட்டுக்கு இவ்வளவு என்று உயர்த்தினால் பெரிய கையிருப்பு உள்ளவர் மட்டும் நிற்பார், நகராட்சியோ கூட்டுறவோ நிற்காது. மிகக் குறைத்தால் இடம் பிடிப்பவர் திரும்பி வருவார். ஒரு வருட அளவீடு போதும் என்றால் ஒருவருக்கு லாபம், இரண்டு வருடம் என்றால் ஏற்கனவே கோபுரம் நட்டவருக்கு லாபம். இந்த எண்ணை யார் முன்மொழிந்தார், அவருடைய குழுமத்தின் எத்தனை திட்டங்கள் வரிசையில் இருந்தன என்பதைப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் விதி புரியும்.

அடுத்தது குறைப்பு. அந்த இரண்டு கேப்களிலும் நெரிசல் நேரத்தில் உற்பத்தியைக் கொஞ்சம் குறைக்க ஒப்புக்கொண்டால் கூடுதலாக 3,470 மெகாவாட் இணைக்கலாம் என்று கணக்கிட்டார்கள். புதுக் கம்பி இல்லாமலே கிடைக்கும் இடம், மிக நல்ல வழி. ஆனால் யாரை முதலில் குறைப்பது, குறைத்த யூனிட்டுக்கு இழப்பீடு உண்டா, அது யார் கட்டணத்தில் ஏறும்? எல்லோரையும் விகிதப்படி குறைப்பதும் கடைசியாக வந்தவரை முதலில் குறைப்பதும் வங்கிக் கடன் வட்டியையே மாற்றும் முடிவுகள். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் நடுநிலையாகவே இருந்தாலும் அவர் கையிலுள்ள வரிசைப் பட்டியலைக் குழுதான் எழுதுகிறது.

#9 உலைக்களம் (ரிச்சர்ட்ஸ் பே)

நல்ல பதிவு தம்பி. ஒரு திருத்தம் மட்டும். கிரிட் விதித்தொகுப்பை மாற்றும் ஆலோசனைக் குழு இங்கே தானாக எதையும் நிறைவேற்ற முடியாது. யோசனை செயலகத்துக்குப் போகும், நிபுணர் குழு பார்க்கும், ஆலோசனைக் குழு பரிந்துரைக்கும், கடைசியில் ஏற்பதும் மறுப்பதும் நெர்சா. பிஜேஎம் போல உறுப்பினர் வாக்குக்கு அவ்வளவு கனம் நம்மிடம் இல்லை.

#10 லெனேசியா வாசகி

உண்மை ஐயா. ஆனால் அந்தச் செயலகம் எங்கே உட்கார்ந்திருந்தது? எஸ்காமின் அமைப்பு இயக்குநர் பிரிவில். எந்த யோசனை முழுமையானது, எது திருத்திக் கொண்டுவர வேண்டியது என்று முதலில் பிரிப்பது அது. நிபுணர் குழுவுக்குச் சம்பளத்தோடு பொறியாளரை மாதம் இரண்டு நாள் அனுப்ப யாரால் முடியும்? எஸ்காம், சுரங்கம், பெரிய காற்றாலைக் கம்பெனிகள். விநியோக உரிமம் உள்ள நகராட்சிகள் 150-க்கு மேல் இருக்கின்றன. எதெக்வினி போன்ற பெருநகரங்களை விட்டால் பெரும்பாலானவற்றில் இதைப் படிக்க ஆளே கிடையாது. நாற்காலி இருந்தும் காலி. ஒன்பது பேர் கொண்ட நெர்சாவில் முழுநேரத்தார் நான்கு பேர்தான். அவர்கள் மேசைக்கு வருவது ஏற்கனவே வடிகட்டிய ஒன்று. நெர்சாவும் தவறு செய்யும்: எஸ்காமின் அனுமதிக்கப்பட்ட வருவாயைக் கணக்கிட்டதில் 54 பில்லியன் ராண்ட் பிழை என்று 2025-ல் ஒப்புக்கொள்ளப்பட்டு, 2026/27 உயர்வு 5.36-லிருந்து 8.76 சதவீதமானது. அவ்வளவு பெரிய எண்ணிலேயே கண் தப்புகிறதென்றால் பின்னிணைப்பில் இருக்கும் ஒரு வரையறையை யார் பார்ப்பார்?

#11 மேல்கம்பி (டர்பன்)

இந்தியாவில் இதே பாதையை நடந்து முடித்திருக்கிறார்கள். அங்கே கிரிட்டை இயக்கும் போசோகோ, 2009-ல் மின்கடத்தல் கம்பெனியான பவர்கிரிட்டின் துணை நிறுவனமாகத் தொடங்கி, 2017 ஜனவரியில் தனி அரசு நிறுவனமானது. இப்போது பெயர் கிரிட் இந்தியா. கம்பிகள் பவர்கிரிட்டிடமே இருக்கின்றன. அங்கே பவர்கிரிட்டின் முக்கியத் தொழில் மின் உற்பத்தி அல்ல, அதனால் அந்தப் பிரிவினை ஓடுகிறது. இங்கே கம்பி எஸ்காமிடம் இருந்தால் அதே எஸ்காமுக்கு நிலையங்களும் இருக்கும். பிரிட்டன் 2024 அக்டோபர் 1-ல் இயக்குநரை நேஷனல் கிரிட்டிடமிருந்து 630 மில்லியன் பவுண்டுக்கு வாங்கி அரசுடைமை ஆக்கியது. அங்கும் கம்பி தனியாரிடமே. ஆக, கம்பியைப் பிரித்து வைப்பதே கெடுதல் என்று சொல்ல மாட்டேன். பிரித்தால் பராமரிப்பு அட்டவணை யார் கையில் என்பதை ஒப்பந்தத்தில் எழுதியே ஆக வேண்டும். ஒரு காற்றாலையின் வழியில் இருக்கும் மின்மாற்றியை நல்ல காற்று வீசும் மாதத்தில் பராமரிப்புக்கு எடுத்தால் போதும், வேறு எந்தப் பாகுபாடும் தேவையில்லை.

#12 வடக்குக் கரை (டொங்காட்)

எல்லாம் படித்தேன். பொதுமக்களாகிய நாம் என்ன செய்ய முடியும்? யாராவது நடைமுறையாகச் சொல்லுங்கள்.

#13 லெனேசியா வாசகி

வடக்குக் கரை அண்ணா, நெர்சா கருத்துக் கேட்கும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் மூன்று விஷயங்களைச் செய்யலாம். ஒரு மடிக்கணினி போதும்.

முதலாவது, வந்த கருத்துகளை இறக்கி ஒரு அட்டவணை போடுங்கள்: யார் அனுப்பினார், எந்தப் பிரிவுக்கு, என்ன சொல் மாற்றம் கேட்டார், இறுதி ஆவணத்தில் அது வந்ததா. இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வசதி எந்தச் சொல் செயலியிலும் இருக்கிறது. ஒரே வாக்கியம் நான்கு கம்பெனிகளின் கடிதத்தில் அப்படியே இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நான்கும் யாருடையவை என்று கம்பெனிப் பதிவகத்தில் இயக்குநர் பெயர்களை வைத்துப் பாருங்கள். 2008 கம்பெனிச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் பங்குதாரர் பதிவேட்டைப் பார்க்கக் கேட்கலாம்.

அடுத்து, தகவல் அறியும் சட்டப் படிவம் 2. பொதுவாக எல்லா ஆவணமும் வேண்டும் என்று எழுதினால் மறுப்பு வரும். இந்தத் தேதிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, வருகைப் பட்டியல், நலன் முரண் அறிவிப்புப் பதிவேடு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வணிக இரகசியம் என்று மறுத்தால், இரகசியமான பகுதியை மறைத்து மீதியைத் தரச் சொல்லிக் கேட்க உரிமை உண்டு.

மூன்றாவது, முடிவு உங்களைப் பாதித்தால் நிர்வாக நீதிச் சட்டத்தின் கீழ் 90 நாளுக்குள் எழுத்தில் காரணம் கேட்கலாம். நீதிமன்ற மறுஆய்வுக்குத் தாமதமின்றிப் போக வேண்டும், 180 நாள் வெளி வரம்பு. பலர் 180 நாள் முழுதும் இருக்கிறது என்று காத்திருந்து கெடுகிறார்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: கருத்துக் கடிதத்தில் கோபத்தை எழுதி, மாற்று வாக்கியத்தை எழுதாமல் விடுவது. அதிகாரி கையில் எடுத்து ஒட்டக்கூடிய வாக்கியம் இருந்தால்தான் கடிதம் மேசையைத் தாண்டும். கம்பெனிகளின் வழக்கறிஞர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

#14 கணக்குப்பிள்ளை

அக்கா சொன்னது பொன்னான வார்த்தை. அப்படியானால் நாமும் வாக்கியமாகவே எழுதுவோம். என் பங்குக்கு நான்கு:

ஒரே கட்டுப்பாட்டின் கீழுள்ள எல்லா நிறுவனங்களும் எல்லா நிலைக் குழுக்களிலும், பணிக்குழு உட்பட, ஒரு வாக்கே பெறும்.

வாக்கெடுப்பு நடந்தால் பெயர்வாரி முடிவு ஏழு நாளில் வெளியிடப்படும். நடக்கவில்லை என்றால் எதிர்ப்புத் தெரிவித்தவர் பெயர் குறிப்பில் இடம்பெறும்.

சந்தைக் கண்காணிப்பாளர் டிஎஸ்ஓவிடம் சம்பளம் வாங்கமாட்டார். அவரை நியமிப்பதும் நீக்குவதும் நெர்சா.

டிஎஸ்ஓவின் மேல்நிலை அதிகாரி பதவி விலகிய 24 மாதங்களுக்குச் சந்தைப் பங்கேற்பாளரிடம் வேலையோ ஆலோசனைக் கட்டணமோ பெறக் கூடாது.

#15 உலைக்களம் (ரிச்சர்ட்ஸ் பே)

முதல் மூன்றுக்கும் என் ஆதரவு. நான்காவதில் 24 மாதம் என்றால் நல்ல பொறியாளர் யாரும் டிஎஸ்ஓவில் சேரமாட்டார். நாட்டில் இந்த வேலை தெரிந்தவர்கள் சில நூறு பேர்தான், எல்லோரும் இதே சில கம்பெனிகளுக்குள் சுற்றி வருபவர்கள். தலைமைப் பதவிகளுக்கு 24, கட்டுப்பாட்டு அறைப் பொறியாளருக்கு 6, அதுவும் டிஎஸ்ஓவே சம்பளம் கொடுத்து என்று பிரித்து எழுதுங்கள். கட்டுப்பாடு என்ற சொல்லையும் வரையறுங்கள். 50 சதவீதத்துக்கு மேல் என்று எழுதினால் 49-ல் நிறுத்திக்கொள்வார்கள்.

#16 துணைமின்நிலையம்

கட்டுப்பாட்டுக்கு என் யோசனை: 20 சதவீதப் பங்கு, அல்லது வாரியத்தில் ஒருவரை நியமிக்கும் உரிமை, அல்லது உற்பத்தியில் பாதிக்கு மேல் வாங்கும் நீண்டகால ஒப்பந்தம். மூன்றில் எது இருந்தாலும் ஒரே குழுமம். நீண்டகால ஒப்பந்தத்தைச் சேர்க்காவிட்டால் சுரங்கம் தன் காற்றாலையை வேறு பெயரில் நிறுத்தி இரண்டு பிரிவிலும் வாக்களிக்கும்.

விலகியவர் வாக்கையும் விட்டுவிடாதீர்கள். பத்து நகராட்சிகளில் 6 ஆதரவு, 1 எதிர்ப்பு, 3 விலகல். விலகலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 6/7, அதாவது 0.857. சேர்த்தால் 0.60. ஒரே அறை, ஒரே கைகள், ஆனால் மேலே போகும் எண் வேறு. வராதவரையும் விலகியவரையும் ஒன்றாக எண்ணினால் நகராட்சிப் பிரிவு எப்போதும் எதிர்ப்பு போலவே தெரியும். என் விருப்பம்: விலகல் கணக்கில் வராது, ஆனால் பிரிவில் மூன்றில் ஒரு பங்காவது வாக்களித்திருக்க வேண்டும்; இல்லையென்றால் அந்தப் பிரிவின் எடை அந்த வாக்கெடுப்பில் பாதியாகும்.

#17 மேல்கம்பி (டர்பன்)

துணைமின்நிலையம், எடையைப் பாதியாக்கினால் யாருக்கு லாபம்? நகராட்சிகள் வராத நாளில் மற்ற நான்கு பிரிவுகளும் கனக்கும். அவர்கள் வர முடியாதபடி கூட்டத்தை டிசம்பர் மூன்றாம் வாரம் வைத்தாலே போதும். அதற்குப் பதில், மூன்றில் ஒரு பங்கு வராவிட்டால் வாக்கெடுப்பு ஒருமுறை 21 நாள் தள்ளிவைக்கப்படும் என்று எழுதுவோம். சிறிய நகராட்சிகள் ஒரு பொது நிபுணரை அமர்த்த டிஎஸ்ஓ கட்டணத்திலிருந்து ஒரு சிறு தொகையும் வேண்டும், அவர் யாரிடம் பதில் சொல்வார் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. கணக்குப்பிள்ளையின் நான்கையும், உலைக்களம் ஐயா சொன்ன பிரிப்பையும், கட்டுப்பாட்டு வரையறையையும் சேர்த்து ஒரு பக்கமாக எழுதி இங்கே போடுகிறேன். சொல் சொல்லாகத் திருத்துங்கள்.